சம்பந்தி கத்தி

அக்டோபர் 4, வெள்ளி

சாயங்காலம் காற்று வாங்க ஹோப்ஸ் பஸ் ஸ்டாப் வரை போனேன். தற்செயலாக அதே நேரத்துக்கு சாருவின் ஆபீஸ் பஸ்ஸும் வந்தது. சேர்ந்து வந்தோம்.

வழியில் எனக்கு ஒரு பரிசு வாங்கியிருப்பதாகச் சொன்னாள். கத்தி அடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பாம். பழைய முறைப்படி உலையில் இரும்பைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, நம் கையாலேயே ஒரு கத்தி செய்துகொண்டு வரலாம். ஞாயிறுதோறும், பீளமேட்டில் ஒரு ஷெட்டில். முன் அனுபவம் தேவையில்லை.

"இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?" என்றேன்.

"ரிட்டயர் ஆனதுல இருந்து எல்லாரையும் டிக்கெட் எங்கேன்னு கேக்கற மாதிரியே பாக்கறீங்கப்பா. கூரியர்காரர் உங்களப் பாத்தாலே பையைத் தொறந்து காட்டறார். போயிட்டு வாங்க."

பணம் கட்டியாகிவிட்டதாம், திருப்பித் தரமாட்டார்களாம். போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். டிக்கெட்டை எடுத்துவிட்டு பஸ் ஏறாதவனை என்னால் மதிக்க முடியாது. போகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஏமாற்றிவிட்டாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஈரோட்டுக்காரரின் முதுகு. குழந்தைவேலு, மஞ்சள் மண்டி முதலாளி. சாரு கட்டிக்கொள்ளப் போகும் மிதுனின் அப்பா. அவரையும் அவர் மகன் இதேபோல் பரிசு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பிள்ளைகள் கூடிப் பேசிச் செய்த வேலை.

நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன். ஆவணியில் நிச்சயம் நடந்தது. கோயமுத்தூரிலிருந்து நாங்கள் போனோம். ஈரோட்டில், அவர்கள் பொறுப்பில். பந்தியில் என் இலையில் வைத்த அப்பளம் நொறுங்கியிருந்தது. ஓரம் உடைந்தது என்றால் விட்டிருப்பேன். நாலு துண்டு. பெண்ணைப் பெற்றவன் இலை. "அப்பளம் உடைஞ்சிருக்குதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "தின்னா எப்படியும் நொறுங்கத்தானுங்க போவுது" என்றார். நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தது அவருக்கு அவமானமாம். அப்பளம் எனக்கு அவமானம். அன்றோடு பேச்சு நின்றது.

கல்யாணம் தை மாதம். சம்பந்திகள் இருவரும் பேசாமல் பத்திரிகை அடிப்பதில்லை என்று அவர்கள் வீட்டில் முடிவு. கார்த்திகை பிறப்பதற்குள் அடித்தாக வேண்டும். பேசாமல் இருந்தால் தள்ளித்தான் போகும். ஒரு வருஷம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது.

மாப்பிள்ளைப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வகுப்புக்கு வருகிறேன். டீச்சர் பெயர் ரஞ்சனா. முப்பது வயது இருக்கும். முன்பு பல் செட் செய்யும் லேபில் இருந்தாராம். ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் சிரித்துப் பேசி ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர். ஒரு ஜோடிக்கு ஒரு கத்தி.

"டீச்சர், அவரை இரும்பு பிடிக்கிற அந்தக் குறட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார்.

"டீச்சர், நகத்தியாச்சுன்னு அவர்ட்டச் சொல்லிருங்க" என்றார் அவர்.

ரஞ்சனா டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "லேப்ல எத்தனையோ பல் செட் பண்ணியிருக்கேன். மேல் வரிசை கீழ் வரிசைகிட்டப் பேசாம இருந்து நான் பாத்ததில்லைங்க" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

நேற்று உலைக்குக் கரி உடைத்ததில் கையைத் தூக்க முடியவில்லை. காப்பியைக் குனிந்து குடித்தேன். பஸ் ஸ்டாப்பில் சாரு என் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள். ஊர் பார்க்கிறது என்றேன். பார்க்கட்டும் என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஆயுதம் என்றால் டிக்கெட்டில் ஓட்டை போடும் என் பழைய பஞ்சிங் கருவியும், மனைவி மரகதத்தின் மிக்ஸியும், சாருவின் லேப்டாப்பும். மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். லேப்டாப் மூடியிருந்ததால் சாரு நாள் முழுக்க எங்களோடு உட்கார்ந்து பொரி தின்றாள். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் இந்தப் பண்டிகை வருவது போதாது.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று அடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். லாரிக்கு அடியில் இருக்குமே, அந்த வில்பட்டையில் ஒரு துண்டு. அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடிக்கும் மேடையான அடைகல் மேல் வைக்க வேண்டும். ஒருவர் இடது கையில் குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். அடுத்தவர் சம்மட்டி.

"சின்னச் சுத்தியல் அடிக்கறதுக்கு இல்லைங்க. இடம் காட்டறதுக்கு" என்றார் டீச்சர். "இரும்பு மேல ஒரு தட்டு தட்டுனா, அங்க அடின்னு அர்த்தம். வெறும் அடைகல்லு மேல ரெண்டு தட்டு தட்டுனா, போதும், கையில இருக்கறதக் கீழ வைன்னு அர்த்தம். ரெண்டாவது தட்டு விழுந்தா யோசிக்கக் கூடாது. வெச்சரணும். இல்லைன்னா எதிர்ல நிக்கறவர் வெரலு போயிரும். வாயே வேண்டாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எங்களைத்தான் பார்த்தார்.

ஈரோட்டுக்காரருக்கு மூட்டு வலி. ஆகவே குறடும் சுத்தியலும் அவருக்கு, சம்மட்டி எனக்கு. அதாவது அவர் காட்டும் இடத்தில் நான் அடிக்க வேண்டும். அவர் தட்டினால் நான் கீழே வைக்க வேண்டும். முப்பது வருஷம் நான் கையைக் காட்டினால் பஸ் நின்றது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் காட்டும் இடம் சரியாக இருக்கிறது. டொக் என்று அவர், டமார் என்று நான். டொக், டமார். கொஞ்ச நேரத்தில் யார் மேல் கோபம் என்பதே மறந்து போகிறது. இது ஆபத்து. அடுத்த வாரம் கவனமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மரகதம் தோசைத் திருப்பியைக் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். ஒட்டியிருந்த மாவை உதிர்க்கத்தான். நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

பேப்பரை எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு மறுபடியும் இரண்டு தட்டு தட்டினாள். மறுபடியும் வைத்துவிட்டேன்.

அதன்பிறகு இன்று ரிமோட்டை ஒருமுறையும், மிக்சர் டப்பாவை இருமுறையும் கீழே வைத்திருக்கிறேன். மத்தியானம் மரகதம் போனில் யாருடனோ சிரித்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். யார் என்றேன். "ஈரோட்டுச் சம்பந்தியம்மா" என்றாள். பெண்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் இலையில் அப்பளம் முழுதாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

எனக்கு வேண்டியது நேரான கத்தி. காய் நறுக்க, எலுமிச்சை வெட்ட. அவருக்கு வேண்டியது வளைந்த அரிவாள். தென்னைமரத்தில் மட்டை கழிக்கவாம். இருவரும் டீச்சரிடம் தனித்தனியாகச் சொன்னோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

இடம் காட்டுவது அவர் என்பதால் அவர் வளைத்துக்கொண்டே போனார். அடிப்பது நான் என்பதால் நான் நிமிர்த்திக்கொண்டே வந்தேன். வகுப்பு முடியும்போது அது பாதிவரை கத்தியாகவும், அதற்குமேல் மனம் மாறியதுபோல அரிவாளாகவும் இருந்தது. மற்ற ஜோடிகள் வந்து பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

"இது கத்தியா அரிவாளான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார் டீச்சர்.

"பேச மாட்டோம்" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில், டீச்சரைப் பார்த்து.

"அப்ப இது இப்படியே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா சம்பந்தி கத்தின்னு சொல்லிக்கலாம்."

அக்டோபர் 24, வியாழன்

சாருவின் பஸ் தாமதம். மேம்பாலத்தில் நெரிசல். காற்று நிறைய வாங்கினேன். வந்தவள், "எதுக்குப்பா இவ்வளவு நேரம் நிக்கறீங்க?" என்றாள். ரிட்டயரானவனுக்கு நிற்கவும் நேரம் உண்டு என்றேன். சேர்ந்து வந்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஈரோட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்ய ஆபீசில் ஒத்துக்கொண்டார்களாம். நல்ல ஆபீஸ் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று பதம் ஏற்றும் நாள். இரும்பைக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் சட்டென்று எண்ணெயில் முக்க வேண்டும். தாமதித்தால் பதம் வராது. கோணலாக விட்டால் விரிசல். விரிசல் விட்டால் இத்தனை வாரமும் வீண், கத்தி இல்லை.

எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். முதல் ஜோடி முக்கியதும் ஷெட் முழுக்க பஜ்ஜிக் கடை வாசம். எங்கள் முறை வந்தபோது எல்லோருக்கும் பசி எடுத்துவிட்டது. அவர் குறட்டோடு ஓடிவந்தார், நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். முக்கியதும் சுர்ரென்று புகை. டிங் என்று சத்தம் கேட்டால் விரிசல் என்று சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து மூச்சு விட்டோம். அதைப் பேச்சாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு ஈரோட்டுக்காரர் வெளியே போய் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். "டீச்சர், மொளகா பஜ்ஜி வேணுமான்னு அவரைக் கேளுங்க."

"வாழைக்காய் இருந்தா எடுத்துக்கறேன்னு சொல்லுங்க."

வாழைக்காயும் வாங்கியிருந்தார். அவற்றை மட்டும் தனியாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளிவைத்தார். சாப்பிட்டேன். பசிக்குச் சாப்பிட்டது, சமாதானத்துக்கு அல்ல.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் காற்று வாங்க பஸ் ஸ்டாப் போனேன். போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவு வந்தது. ஆபீஸ் பஸ் கிடையாது. சாரு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வந்தது வந்தாகிவிட்டது என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஈரோடு பஸ் ஒன்று நின்று போனது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அடுத்த வருஷம் தலை தீபாவளி, மாப்பிள்ளைக்கு என்ன எடுப்பது என்று மரகதம் இப்போதே பேசுகிறாள். நான் புஸ்வாணம் வைக்கப் போனேன். சாரு சின்ன வயதில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புஸ்வாணம் பார்ப்பாள். இன்று அவளே பற்ற வைத்துவிட்டு, "அப்பா தள்ளி நில்லுங்க" என்றாள்.

மதியம் சாப்பிடும்போது மரகதம் கேட்டாள். "பேசாம இருந்து என்னத்தங்க சாதிக்கறீங்க? ஒரு வருசம் தள்ளி வெச்சா மட்டும் அவ போகாம இருந்துருவாளா?"

சம்பந்தமில்லாத கேள்வி. நான் பேசுவது அப்பளத்தைப் பற்றி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முருங்கை பூ விட்டிருக்கிறது.

"ஏனுங்க, டிக்கெட் இல்லாதவன்தான் ஜன்னலைப் பாப்பான்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றாள்.

இந்த வருஷம் காய் நன்றாக வரும்.

நவம்பர் 2, சனி

மரகதம் கத்தரிக்கோல் கேட்டாள். எடுத்து நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கையில குடுக்காதீங்க. கீழ வைங்க, எடுத்துக்கறேன். வெட்டுற சாமானைக் கைக்குக் கை குடுத்தா உறவு அறுந்து போயிரும்னு எத்தன தடவ சொல்றது?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பகுத்தறிவு உள்ளவன்.

ஆனால் நாளை தீபாவளி விடுமுறை, அதற்கடுத்த ஞாயிறு கடைசி வகுப்பு. ஒரு ஜோடிக்கு ஒரு கத்தி. யாராவது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெருந்தன்மையாக நானே கொடுத்தால் யார் குறை சொல்ல முடியும்? கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் பேசக்கூட வேண்டாம். கத்தி அதன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சும்மா ஒரு யோசனை. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

"பிடிப் பக்கமா நீட்டினா உறவு முழுசா அறுமா, இல்ல கொஞ்ச நாளைக்கு மட்டுமா?" என்று மரகதத்திடம் பொதுவாகக் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு அறுந்தால் எனக்குப் போதும்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

சாரு இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, "ஒருவேளை தையில நடக்கலைன்னா மிதுன் பாட்டி ரொம்ப வருத்தப்படுவாங்கப்பா" என்றாள். நீ? என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து நடந்தேன். குழி அதிகம்.

நவம்பர் 10, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கத்தி தயார். புளியமரத்தில் பிடி போட்டு, சாணை பிடித்து வைத்திருந்தார் டீச்சர். முதல் வெட்டு எலுமிச்சை. ஒவ்வொரு ஜோடியும் வெட்டினார்கள், கை தட்டினார்கள். எங்கள் முறையில் சம்மட்டி அடித்தவன் என்று என்னை வெட்டச் சொன்னார்கள். எலுமிச்சை முதலில் நசுங்கியது, பிறகு உருண்டு ஓடியது, மூன்றாம் முறை பிடித்து அழுத்தியதில் இரண்டானது. அதற்கும் கை தட்டினார்கள்.

"சரி, இது யார் வீட்டுக்குப் போகுது?" என்றார் டீச்சர்.

"அவருக்கே குடுத்துடறேன்" என்றேன். ஷெட்டே உருகிவிட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஈரோட்டுக்காரர் பக்கம் திரும்பி, கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டினேன்.

"இந்தாங்க."

ஆவணிக்குப் பிறகு நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்றார். கைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழ வைங்க சம்பந்தி."

"பரவால்லைங்க, வாங்கிக்குங்க."

"கீழ வைங்க. எடுத்துக்கறேன்."

"கையிலயே வாங்கிக்குங்க."

நான் நீட்டியபடி நின்றேன். அவர் கையைக் கட்டியபடி நின்றார். நான் ஒரு அடி முன்னால் வந்தால் அவர் ஒரு அடி பின்னால் போனார். இப்படியே உலையை ஒருமுறை சுற்றி வந்துவிட்டோம். யாருக்கும் விஷயம் புரியவில்லை. கத்தியோடு ஒருவர் துரத்துகிறார், ஒருவர் மரியாதையாகப் பின்வாங்குகிறார் என்பது மட்டும் தெரிந்தது. டீச்சர் மற்றவர்களைச் சாப்பிட உட்கார வைத்தார். தக்காளி சாதப் பொட்டலம்.

"டீச்சர், அவரையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றேன்.

"சம்பந்தி சாப்பிடாம நான் சாப்பிட மாட்டனுங்க. பாதியில எந்திரிச்சுப் போற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க" என்றார். குத்தல்தான். ஆனால் குரலில் குத்தல் இல்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். என் முழங்கை வலிக்க ஆரம்பித்தது. அந்தக் கத்தி கனம். பாதி அரிவாள் அல்லவா. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தால் சாரு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது கண்ணில் வந்தது. இன்னும் ஒரு வருஷம் அந்த பஸ் வர வேண்டும். கையை இறக்கவில்லை.

ஈரோட்டுக்காரர் அடைகல் பக்கம் போனார். சின்னச் சுத்தியலை எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. வெறும் கல்லின் மேல் இரண்டு தட்டு தட்டினார்.

டொக். டொக்.

என் கை என்னைக் கேட்கவில்லை. போய் அடைகல் மேல் கத்தியை வைத்துவிட்டது.

அவர் எடுத்துக்கொண்டார். எடுத்து, வேட்டி நுனியால் துடைத்தார்.

"ஆச்சுங்க. உறவு அறலீங்க" என்றார்.

"இது யார் சொல்லிக்குடுத்தது?" என்றேன். கேட்டிருக்கத் தேவையில்லை. மொட்டை மாடியில் போன் பேசியவள் பெயர் எனக்குத் தெரியும்.

அவர் என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். என் முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, ஞாயித்துக்கெழம ஆபீஸ் பஸ்ஸு ஓடுங்களா?"

முழங்கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"பஜ்ஜி தின்னமே அன்னிக்கு, ஊருக்குப் போறப்ப ஹோப்ஸ்ல, சாரு எறங்கற ஸ்டாப்புல, எங்க பஸ்ஸு நின்னுச்சு. நீங்க நின்னுட்டு இருந்தீங்க. வர்ற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டு. எனக்கு ஒரே பையன்தானுங்க. பொண்ணப் பெத்தவன் நோவு எனக்குத் தெரியாம இருந்துச்சு. அன்னிக்குப் பந்தியில உங்க இலைய மட்டுந்தானுங்க பாத்தேன். மொகத்தப் பாக்காம விட்டுட்டனுங்க."

உலையில் கரி அவிந்துகொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தேடினேன். அங்கே ஜன்னல் எதுவும் இல்லை.

"எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலைங்க" என்றேன்.

"தெரியுதுங்க."

"ஆனா அப்பளம் நொறுங்கித்தான் இருந்துச்சு."

"நொறுங்கித்தாங்க இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது."

பிறகு இருவரும் ஒரே பொட்டலத்தில் தக்காளி சாதம் சாப்பிட்டோம். இன்னொரு பொட்டலத்தை யாரோ சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். கத்தியைப் பற்றிச் சம்பந்தி ஒரு ஏற்பாடு சொன்னார். மாதம் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போவது, வருவது எல்லாம் சாருவின் பொறுப்பு. அவள்தான் இரண்டு வீட்டுக்கும் பொது.

"ஈரோட்டுலயே வெச்சுக்கலாம். ஆனா இந்த வடிவத்தத் தீட்டறதுக்கு எங்கூர்ல ஆளு கெடையாதுங்க. மாசாமாசம் கோயமுத்தூரு வந்துதான் ஆகோணும்" என்றார்.

கோயமுத்தூரிலும் அந்த வடிவத்தைத் தீட்ட ஆள் கிடையாது. அதை நான் சொல்லவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. மஞ்சள் நிறம். அவர் மண்டி ஞாபகமாக.

பிப்ரவரி 10, திங்கள்

ஈரோட்டில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாலி கட்டும்போது சாரு ஒருமுறை நிமிர்ந்து என்னைத் தேடினாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

பந்தியில் என் இலைக்கு அப்பளத்தைச் சம்பந்தியே கொண்டுவந்தார். தாம்பாளத்தில் வைத்து, மேலே பட்டுத் துணி போட்டு மூடி. துணியை விலக்கி, "நல்லாப் பாத்துக்குங்க சம்பந்தி" என்றார். முழு அப்பளம். சுற்றி இருந்தவர்கள் என்ன சடங்கு என்று தெரியாமல் மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஓரம் சுற்றிப் பார்த்து, சரி என்றேன். பிறகு நானே நொறுக்கி, பாயசத்தில் போட்டுச் சாப்பிட்டேன். இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

திரும்பி வரும் வேனில் பெருமாநல்லூர், அவிநாசி, வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மரகதம் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காற்று வாங்கப் போகவில்லை.

பிப்ரவரி 12, புதன்

போனேன். ஆபீஸ் பஸ் நின்றது. டிரைவர் என்னைப் பார்த்து, யாரும் இல்லையே சார் என்றார். தெரியும் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

மாசி முடிந்தது. கத்தி நம் வீட்டுக்கு வர வேண்டிய முறை. சாரு சாயங்கால பஸ்ஸில் வருவதாகப் போன் செய்தாள். அதை வைக்க இடம் வேண்டும் என்று ஷெல்ப்பில் ஒரு தட்டைக் காலி செய்தேன். நல்லெண்ணெய்த் துணி ஒன்று எடுத்து வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் பெஞ்சைத் துடைத்தேன், கத்தியைக் கையில் வாங்கக் கூடாது, பெஞ்சில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால். கூட நின்றவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

ஈரோடு பஸ் வந்தது. சாரு இறங்கினாள். தோளில் சின்னப் பை ஒன்றுதான். பெஞ்சைக் காட்டினேன். அவள் பையை வைத்தாள்.

"கத்தி எங்க?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்துட்டேன்ப்பா."

"கத்திக்குத்தானே வந்தே?"

"இல்லப்பா. சும்மாதான் வந்தேன்."

கடமையில் இப்படி மறதி கூடாது என்று கண்டித்தேன். அடுத்த மாதமாவது ஞாபகமாகக் கொண்டுவரச் சொன்னேன். பையை நான் வாங்கிக்கொண்டேன், கைக்குக் கைதான். காற்று நன்றாக இருந்தது. சேர்ந்து வந்தோம்.